உள்ளுக்கிருந்து வந்த ஆமென்

கிட்ட வந்து இருங்கோ. ஹீற்றர் இதுக்கு மேல சூடாகாது.

பின்னேரம் ஆறு மணி. எழுபத்திநாலாம் ஆண்டு, ஜூலை மாசம். மெல்பேர்னிலை ரயில் பாதையை ஒட்டி ஒரு றோட்… ஒரு பக்கம் பூட்டின ஃபக்டரியள். மற்றப் பக்கம் ஒரேயொரு செங்கல் கட்டடம். யூத ஆக்களின்ட சின்ன ஜெபக்கூடம்.

எங்கட இந்திரகுமாரின்ட சித்தப்பா கதிர்காமநாதன் அப்ப கிளேட்டன் யூனிவேர்சிற்றியிலை படிச்சுக்கொண்டிருந்தவர். ஜெபக்கூடத்தின்ட பின் வளவிலை அவருக்குத் தனி அறை. வாடகை இல்லை. கூட்டித் துடைக்கவேணும். சனிக்கிழமையிலை லைற், ஹீற்றர் போட்டுக் குடுக்கவேணும்… அது அவையின்ட ஓய்வுநாள், சுவிச்சிலை கைவைக்கமாட்டினம்.

ஒரு காலத்திலை அறுபது குடும்பம் வந்த இடமாம். கலியாணம், பிள்ளையளுக்கு எழுத்துப் படிப்பிக்கிறது, எல்லாம் அங்கைதான். பிறகு பிள்ளையள் வளந்து, கார் வாங்கி, வேற பக்கம் போட்டினம். மிஞ்சினது பத்துக் கிழவர்மார். அவையின்ட சட்டப்படி, செத்தவைக்கான ஜெபத்தைச் சொல்லப் பத்து யூத ஆம்பிளையள் நிக்கவேணும். ஒராள் குறைஞ்சாலும் சொல்லேலாது.

அண்டைக்குக் கடைசி நாள். கட்டடம் வித்தாச்சு. விடிய வாங்கின ஆக்கள் வருவினம்.

அந்தப் பத்துப் பேரிலை ஒருத்தர் லைப்மன். தையல்காரர். போலந்திலை, யுத்தத்துக்குள்ளை, மனுசி, அஞ்சு பிள்ளையள், ஊர்ச்சனம் எல்லாரையும் பறிகுடுத்தவர். வருசத்திலை ஒரு நாள் அவைக்காக அந்த ஜெபம் சொல்லுவார். அந்த நாளும் அண்டைக்குத்தான்.

வந்தது ஒன்பது பேர். பத்தாவது ஆளை மத்தியானம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போட்டினம்.

தான் வந்து நிக்கிறன் எண்டார் கதிர்காமநாதன். லைப்மன் அவரின்ட கையைப் பிடிச்சாராம். "நீர் நல்ல பிள்ளை. ஆனா உம்மை எண்ணேலாது."

நல்ல மழை. கதிர்காமநாதன் ஸ்ரேசன் வரைக்கும் ஓடினார். வாற போற ஆக்களை மறிச்சு, நீங்கள் யூதரோ எண்டு கேட்டார். ஒருத்தன் தூசணத்தாலை பேசினான். ஒரு மனுசி குடையைக் குறுக்கை பிடிச்சுக்கொண்டு விலத்திப் போனா. ஒருத்தரும் அம்பிடேல்ல.

திரும்பி வர ஏழே முக்கால். மற்ற எட்டுப் பேரும் கோட்டை மாட்டிக்கொண்டு வெளிக்கிட்டினம். லைப்மன்ட முகத்தை ஒருத்தரும் பாக்கேல்ல.

கதிர்காமநாதன் லைற்றை நூத்து, கதவைப் பூட்டினார். லைப்மன் படியை விட்டு இறங்கேல்ல. பூட்டின கதவிலை நெத்தியை வைச்சு… சட்டத்துக்கு மாறா… தனியச் சொல்லத் தொடங்கினார்.

அந்த ஜெபத்துக்கு இடையிலை மற்றவை "ஆமென்" சொல்லவேணும். அந்த இடத்திலை லைப்மன் நிப்பாட்டினார். மழைச் சத்தம் மட்டும்.

பிறகு… உள்ளுக்கிருந்து… ஆமென்.

ஒரு ஆம்பிளைக் குரல். தணிஞ்ச குரல்.

லைப்மன் அடுத்த வரியைச் சொன்னார். இப்ப கனபேர். பொம்பிளையளும். எல்லாரும் முடிச்ச பிறகு, கொஞ்சம் பிந்தி, ஒரு மழலைக் குரல். கதவு நீக்கலாலை மெழுகுதிரி நூத்த மணம் வந்தது. அண்டைக்கு அங்கை ஒருத்தரும் மெழுகுதிரி கொளுத்தேல்ல.

கதிர்காமநாதன் திறப்பைப் போட்டுக் கதவைத் தள்ளினார். இருட்டு. ஒருத்தரும் இருக்காத வாங்குகள். மூச்சுச் சத்தம்கூட இல்லை.

லைப்மன் அவரின்ட சேட்டைப் பிடிச்சு உலுப்பினார்.

"ஏன் திறந்தனீர்? பூட்டும். பூட்டும், தம்பி."

பூட்டினார். லைப்மன் முதலிலை இருந்து சொன்னார். பதில் இல்லை. திரும்பவும் சொன்னார். குரல் முழுக்கப் போகுமட்டும் சொன்னார்… பதில் இல்லை. கதிர்காமநாதன் அவரைத் தாங்கிப் பிடிச்சுத் தன்ர அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரெண்டு பேரும் கண்மூடேல்ல.

விடிய வாங்கின ஆக்கள் வந்தினம். திறப்பு சுத்திச்சுது. கதவு அசையேல்ல. உள்ளுக்காலை தாழ்ப்பாள். வேற வாசல் இல்லை. யன்னலெல்லாம் கம்பி. கதவைக் கழட்டித்தான் உள்ள போனவை. ஒருத்தரும் இல்லை.

அந்தக் கதவுக்கு உள்பக்கம் ரெண்டு தாழ்ப்பாள். மேல ஒண்டு, கீழ ஒண்டு. மேலது சும்மா கிடந்தது.

போட்டிருந்தது கீழது மட்டும்… ஒரு நாலு வயசுப் பிள்ளைக்கு எட்டுற உயரம்.