பாசஞ்சர் குரைக்காத நாள்

– ஒரு தடவைகூடவா குரைக்கல?

– இல்லக்கா. ஸ்பேனர மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். கதவத் திறந்தப்ப பகல் மணி ஒண்ணு. அப்பா பாத்ரூம் வாசல்ல விழுந்து கிடக்காரு. பாசஞ்சர் அவரு நெஞ்சு மேல தாடைய வச்சுப் படுத்திருக்கு. என்னைப் பாத்ததும் வாயத் திறந்துச்சு, மூடுச்சு. சத்தமே வரல.

– நாலு மாச நாய்க்குட்டிடா அது. அதுக்கு என்ன தெரியும்?

– குரைக்கத் தெரியும்க்கா. நான்தான் மறக்கடிச்சேன்.

– மெதுவா பேசு. உள்ள முழிச்சிருக்காரு. பேச்சுதான் போச்சு, காது நல்லாக் கேக்குது.

– கேக்கட்டும். அவருக்குத் தெரியாததா?

– ஆஸ்பத்திரியில ஒன்பது நாள் ஒரே பெஞ்சுல உக்காந்திருந்தோம். அப்பல்லாம் வாயே திறக்கல நீ. வீட்டுக்கு வந்ததும் இப்படிச் சொல்ற. முதல்லேருந்து சொல்லு.

– அம்மா போனதுக்கப்புறம் பகல் பூரா தனியா இருக்காரேன்னுதான் இத வாங்கிட்டு வந்தேன். நான் லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்பினா சாயந்தரம்தான் வருவேன். அன்னிக்கு, "எனக்கெதுக்குடா இந்த வயசுல"ன்னு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. மறுநாள் பாத்தா, அவரோட பழைய யூனிஃபார்ம் சட்டைக்குள்ள சுருண்டு படுத்திருக்கு. "டிக்கெட் எடுக்காம ஏறிட்டான்டா, பாசஞ்சர்"ங்கறாரு.

– முப்பது வருஷம் கண்டக்டரா கத்தின வாயாச்சே.

– "வா, போ"ன்னு சொல்லவே மாட்டாரு. "ரைட்"னா நடக்கணும், "ஹோல்டான்"னா நிக்கணும். அஞ்சாவது நாளே படியில பாதிக் கால் தூக்கினபடி நிக்குது. சாப்பிட்டதும் ஒரு தடவை, தூங்கி எழுந்ததும் ஒரு தடவை, மொட்டை மாடிக்குத் தூக்கிட்டுப் போவாரு. அங்க ஒன்னுக்குப் போச்சுன்னா, பெரிய பரிட்சை பாஸான மாதிரி ஒரே கொண்டாட்டம். ரெண்டு வாரத்துல வீட்டுக்குள்ள ஒரு சொட்டு கிடையாது. செருப்பக் கடிச்சாலும் அடிக்க மாட்டாரு. வாயிலேருந்து மெல்ல உருவிட்டு ஒரு கயித்துத் துண்டக் குடுப்பாரு.

– பொறுமையா? அப்பாவா? நம்மள அப்படியா வளத்தாரு?

– நானும் அதத்தான் கேட்டேன். "நீங்கல்லாம் ரன்னிங்ல இறங்கிட்டீங்க. இவன் ஒருத்தன்தான் கடைசி ஸ்டாப் வரைக்கும் வருவான்"னாரு.

– என்னைத்தான் சொல்லியிருப்பாரு.

– ஒரே வீட்டுல இருந்த என்னையும்தான்.

– சரி, குரைக்கிற விஷயத்துக்கு வா.

– கீழ் வீட்டுல கைக்குழந்தை. இது குரைச்சா அது முழிச்சுக்கும். அந்தம்மா ஒரு வாரம் பொறுத்தாங்க, அப்புறம் வீட்டு ஓனர்கிட்ட சொல்லிட்டாங்க. அவரு வந்து, "இன்னொரு தடவை இந்தப் பேச்சு வந்தா நாயும் வேணாம், நீங்களும் வேணாம்"னுட்டுப் போயிட்டாரு. அப்பாவக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன், சொல்லு.

– கொஞ்சம் கொஞ்சமா பழக்கியிருக்கலாமேடா.

– அப்பாவும் அதத்தான் சொன்னாரு. "யாராவது படியேறினாத்தான் குரைக்கிறான். அந்த நேரம் பாத்து ரொட்டித் துண்டக் காட்டிக் கூப்பிடு. குரைக்க மறந்துட்டு வருவான். ஒரு மாசம் ஆகும்"னாரு. எனக்குப் பொறுக்கல. தகர டப்பாவுல நட்டு போல்ட்ட அள்ளிப் போட்டேன். வாயத் திறந்தா, காதுகிட்ட கொண்டுபோய் ஒரே குலுக்கு.

– ஐயோ.

– முதல் நாள் கட்டிலுக்கடியில ஓடி, அங்கயே ஒன்னுக்குப் போயிருச்சு. மூணாவது நாள், பாதிக் குரைப்புல நிறுத்திட்டு டப்பா எங்கன்னு தேடுச்சு. பத்தாவது நாள் டப்பாவே தேவைப்படல. நான் டப்பா இருக்கிற அலமாரிப் பக்கம் திரும்பினாப் போதும். பெருமையா இருந்துச்சுக்கா, சத்தியமா. கீழ் வீட்டம்மாகிட்ட, "இப்ப எப்படி இருக்கு, பாத்தீங்களா"ன்னுகூடக் கேட்டேன்.

– அப்பா ஒண்ணும் சொல்லலையா?

– டப்பாவ எடுத்துத் தண்ணி டேங்குக்குப் பின்னாடி ஒளிச்சு வச்சாரு. நான் தேடி எடுத்துட்டு வந்து...

– வந்து?

– அவரு காதுகிட்ட குலுக்கினேன். "இனிமே இதுல கை வைக்காதீங்க"ன்னேன்.

– அப்பா காதுகிட்டயா?

– ஆமா. குட்டியத் தூக்கிக்கிட்டு மாடிக்குப் போயிட்டாரு. அதுக்கப்புறம் டப்பாவப் பத்தி எங்கிட்ட பேச்சே எடுக்கல.

– அவரையே மிரட்டியிருக்கியேடா.

– ஆமாக்கா. திட்டவாவது செய்.

– திட்டி என்னடா ஆகப் போகுது? டாக்டர் உன்னைத் தனியாக் கூப்பிட்டுப் பேசினாரே, என்ன சொன்னாரு?

– காலையில ஒன்பது மணி வாக்குல பக்கவாதம் வந்து விழுந்திருக்கணுமாம். உடனே கொண்டுவந்திருந்தா ஊசி போட்டிருக்கலாமாம். பேச்சும் வலது கையும் திரும்பியிருக்க நிறைய வாய்ப்பு இருந்துச்சுன்னாரு. கீழ் வீட்டம்மா என்னைப் பாத்தாலே அழறாங்க. அன்னிக்கு முழுக்க வீட்டுலதான் இருந்திருக்காங்க. "ஒரு குரை குரைச்சிருந்தா, சண்டை போடவாவது மேல வந்திருப்பேனே"ங்கறாங்க.

– போதும், விடுடா.

– எப்படி விடறது? நேத்து மாடிக்குக் கொண்டுபோய், "குரைடா, குரைடா"ன்னு கெஞ்சினேன். நானே குரைச்சுக் காட்டினேன். டப்பாவத் தூக்கிச் சுவத்துல அடிச்சேன். அந்தச் சத்தத்துக்கு நடுங்கிப் போய் எங்க வந்து ஒளிஞ்சுக்கிச்சு தெரியுமா? என் காலுக்கு நடுவுல. எங்கிட்டயே வருதுக்கா.

– அழாதே. இந்தா, தண்ணி குடி. உன்னால மட்டும் ஆனது இல்ல இது.

– வேற யாரு? சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத. அது சரி, அப்பா போன் எங்க? ஆஸ்பத்திரியில ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்களே. அவரோட டிப்போ ஆளுங்க கூப்பிட்டா, நானாவது எடுத்துப் பேசணும்.

– எங்கிட்டதான் இருக்கு.

– குடு, சார்ஜ் போடறேன். செத்துக் கிடக்கும்.

– வேணாம். போடாத.

– ஏன்க்கா?

– நீ பாத்தப்ப, அந்தப் போன் எங்க இருந்துச்சு?

– இடது கையில. இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. விரலப் பிரிச்சுத்தான் எடுத்து அவரு சட்டைப் பையில போட்டேன். ஏன் கேக்கற?

– அதுல பச்சை பட்டன அழுத்தினா என் நம்பருக்குத்தான்டா போகும். பாசஞ்சர் வந்த நாள்லேருந்து தினமும் ஒன்பது மணிக்கு எனக்குப் போன் பண்ணுவாரு. இன்னிக்கு உக்காந்தான், இன்னிக்குக் கை குடுத்தான், இன்னிக்குப் பந்த எடுத்துட்டு வந்தான்னு. நான் கடை திறக்கிற நேரம். ஒரு கையால ஷட்டரத் தூக்கிக்கிட்டே உம் கொட்டுவேன்.

– எங்கிட்ட அவரு சொன்னதே இல்லையே.

– அன்னிக்கும் பண்ணாரு. ஒன்பதே காலுக்கு ஒண்ணு, அப்புறம் வரிசையா ஆறு. குட்டி என்ன பண்ணுச்சுன்னு சொல்லத்தான் கூப்பிடறாருன்னு நெனச்சு, நான் எடுக்கலடா.