கிரீஸ்காரர் கடையில் முராத்

துருக்கியில் பூகம்பம் வந்து நாலைந்து நாள் இருக்கும். அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறிய இரண்டு தமிழ் ஆட்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கண்ணாடி போட்டவர் ஆரம்பித்தார்.

"டர்க்கிஷ் காபின்னு கேட்டாலே முறைப்பாரே நாம சாப்பிடப் போற டைனர் ஓனர், அந்த கிரீஸ்காரர், நேத்து ஒரு துருக்கிக்காரனைக் கட்டிப் பிடிச்சு அழுதாருடா."

"ரெண்டு நாட்டுக்கும் ஆகவே ஆகாதே. யாருடா அந்த ஆளு?" என்றார் மற்றவர்.

"அங்க பாத்திரம் கழுவற முராத். அவங்கம்மா இடிஞ்ச வீட்டுக்குள்ள மாட்டிக்கிட்டாங்க. ஓனரோட தம்பிக்கு ஏதென்ஸ்ல ஃபயர் சர்வீஸ்ல வேலை. கிரீஸ்லேருந்து ரெஸ்க்யூ டீம் போச்சுல்ல, அதுல அவரும் ஒருத்தர். கிளம்பறதுக்கு முன்னாடியே ஓனர் ஃபோன் பண்ணி, தெரு, வீடு எல்லாம் சொல்லிட்டார்."

"எடுத்துட்டாங்களா?"

"உயிரோட எடுத்துட்டாங்க. இடுப்புலதான் அடி. முராத் இன்னைக்கு ஃபிளைட்ல போறான்."

கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் மூச்சு வந்தது.

"பெரிய மனுஷன்தாண்டா. அப்ப கடையில பாத்திரம் யாரு கழுவறது?"

"கேட்டேனே. வேற ஆள் போட மாட்டாராம். 'அவன் திரும்பி வர்றப்ப வேலை இருக்கணும்ல'ன்னார். சட்டைக் கையை மடிச்சுவிட்டுக்கிட்டு அவரே சிங்க் பக்கம் போயிட்டார்."