சுடாத கோதுகள்

டென்மார்க்கில் இந்தக் கிரின்ஸ்டெட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில் செய்வதற்கு அதிகம் இல்லை. பூசைக்குப் போய் வந்து, சமைத்துச் சாப்பிட்டால் பொழுது மிஞ்சிவிடும். தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஹென்னிங் தன் துப்பாக்கிக் கழகத்தை வந்து பார்க்கச் சொன்னது அதனால்தான். போனேன். எனக்குக் கை நடுங்காது என்பதை முதல் நாளே கண்டுகொண்டார்கள்.

சுடுவதைவிட எனக்குப் பிடித்தது தோட்டா செய்வது. சுட்டு முடிந்த தோட்டாக்களின் வெளிக்கூடான பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிச் சுத்தமாக்கி, வெடிமருந்திட்டு, கோதின் வாயில் புதுக் குண்டைப் பொருத்துவது. அனுமதி எடுத்துக் கராஜில் மேசை போட்டேன். தோட்டா பற்றிச் சந்தேகம் வந்தால் கழகத்தில் ஹென்னிங்கைக் கேட்பார்கள், அவர் இல்லாவிட்டால் என்னைக் கேட்பார்கள். மன்னாரில் இருந்து வந்து கோழி வெட்டும் வரிசையில் நிற்கும் விக்ரோரியாவை இந்த ஊரில் வேறு யாரும் எதுவும் கேட்டதில்லை. இதைச் சாக்காகச் சொல்லவில்லை.

அருமைநாயகியைக் கழகத்துக்குக் கூட்டிப்போனது நான். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். கணவர் இறந்தபின் வேலை விட்டால் வீடு என்று கிடந்தாள். என்னை அக்கா என்பாள். நான் எதைக் கொடுத்தாலும் என்னவென்று பார்க்காமல் வாங்குவாள்.

இந்த வசந்தத்தில் ஓர் உறுப்பினர் ஊரைவிட்டுப் போகும்போது, ஒரு பெட்டி பழைய தோட்டாக்களைக் கழகத்தில் விட்டுப்போனார். அலுமினியக் கோது போட்டவை. அவற்றைப் பிரித்து எறியும் வேலையை ஹென்னிங் என்னிடம் தந்தார். குண்டையும் மருந்தையும் எடுத்துவிட்டுப் பார்த்தால் கோதுகள் பளபளவென்று இருந்தன. இவை சுடப்படவே இல்லை, புதியவைதானே, மறுபடி பாவிக்கலாமே என்றேன்.

ஹென்னிங் தலையை ஆட்டினார். அலுமினியம் பித்தளை மாதிரி இல்லை, ஒருமுறை வாயை விரித்தால் குண்டைத் திரும்ப இறுகிப் பிடிக்காது, சுட்டதோ சுடாததோ குப்பைதான் என்றார். பிறகு மற்றவர்களைப் பார்த்து, "விக்ரோரியாவுக்கு ஒன்றையும் எறிய மனம் வராது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நானும் சிரித்துவிட்டுக் கோதுகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அந்தக் கோதுகளில் தோட்டா செய்து, எல்லாவற்றையும் சுட்டு முடித்தபின், பார்த்தீர்களா என்று ஹென்னிங்கிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றிருந்தேன். அவ்வளவுதான் என் திட்டம். வீட்டில் செய்த தோட்டாவை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது என்பது கழக விதி. அருமை இன்னொருத்தி என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தத் தோட்டாக்களில் கொஞ்சம் அவளுக்குக் கொடுத்தேன். அவள் சுட்ட அன்று பக்கத்தில் நின்றேன். வெடித்த சத்தம் வழக்கத்தைவிடத் தட்டையாக இருந்தது. கைத்துப்பாக்கியின் பிடி பிளந்திருந்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் இனி மடங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்தக் கையால்தான் அவள் தினமும் கிழவர்களுக்குச் சட்டைப் பொத்தான் பூட்டிவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்து என்னைக் கேட்டாள்: "அக்கா, நான் ஏதும் பிழையாப் பிடிச்சிட்டனோ?"

"ஓம்" என்றேன். "பெருவிரல் கொஞ்சம் மேல நிண்டது."

இதை நினைத்துத்தான் நான் அதிகம் வெட்கப்படுகிறேன். அவள் கேட்டிருக்காவிட்டால் நான் அப்படிச் சொல்லியிருக்கமாட்டேன்.

அவள் அதை நம்பினாள். ஹென்னிங்குக்கு இடது கையால் தொலைபேசி எடுத்து, கழகத்துக்குக் கெட்ட பேர் வாங்கித் தந்துவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டாள். தோட்டாக்கள் யார் செய்தவை என்று அவர் கேட்டபோது, அக்காவிடம் பழகித் தானே செய்ததாகச் சொன்னாள். எனக்கு அனுமதி போய்விடும் என்று பயந்திருக்கிறாள். அப்படிச் சொல்லும்படி நான் கேட்கவில்லை. சொல்லவேண்டாம் என்றும் தடுக்கவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து அவளுக்குத் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன்.

போன கிழமை அவள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோனேன். மகள் மிதுஷா கதவைத் திறந்தாள். ஏதும் பிடிக்கவில்லை என்றால் டெனிஷில்தான் கதைப்பாள். அன்று என்னோடு தமிழில் கதைத்தாள்.

"அன்ரி, நீங்களும் அந்தக் கோதுகளிலதான் சுட்டனீங்களாம். உங்களுக்கு ஏன் ஒண்டும் நடக்கேல்லை?"

"அது அதிர்ஷ்டம், பிள்ளை" என்றேன்.

அவள் சோற்றை வாங்கிக்கொண்டாள். நான் உள்ளே போகவில்லை. திரும்பிக் காரில் ஏறினேன். அதன்பிறகுதான் பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டபோது ஆச்சரியப்பட்டீர்கள். டெனிஷில் என்றால் நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லி முடித்துவிடுவேன். வெட்கப்பட எனக்குத் தமிழில்தான் தெரியும்.

மிதுஷாவுக்குச் சொல்லாத பதில் இதுதான். தோட்டா செய்து முடித்ததும் ஒவ்வொன்றையும் மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பார்க்க வேண்டும். குண்டு அசையக்கூடாது. அசைந்தால், துப்பாக்கிக்குள் ஏறும்போது அது கோதுக்குள் பின்னுக்கு அமுங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் கூடித் துப்பாக்கியே வெடிக்கலாம். நான் எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தேன். அரைவாசிக்கு மேல் இறுக்கமாக இருந்தன. மற்றவை அசைந்தன. ஹென்னிங் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது. அசைந்தவற்றை எறிந்திருந்தால் அவர் ஜெயித்ததாக ஆகியிருக்கும்.

ஆகவே இரண்டாகப் பிரித்தேன். இறுக்கமானவை எனக்கு. அசைந்தவை அருமைக்கு. அவள் பழகுகிறவள்தானே, குண்டு எங்கே பட்டாலும் பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குண்டு எங்கே படும் என்பது அங்கே கேள்வியே இல்லை என்று எனக்குத் தெரியும். அசைந்தவற்றில் ஒன்றைக்கூட என் துப்பாக்கியில் நான் போடவில்லை. பக்கத்தில் நின்றதாகச் சொன்னேன்; ஆனால் அவள் முதல் தோட்டாவைச் சுட்டபோது என் கால்கள் தாமாகவே தடுப்புக்குப் பின்னால் போயிருந்தன.

இவ்வளவுதான். எழுதியதைத் தாருங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அருமைக்கு இதைச் சொல்லவேண்டாம். பாவம், இந்த ஊரில் அவளைப் பார்த்துக்கொள்ள என்னைவிட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?