கிளைவ் ரெட்மனின் வெயில்

டாஸ்மேனியா, டன்மோர் காவல் நிலையம். ஜூன் 26, வியாழக்கிழமை, காலை 10.15 மணி. நான் சொல்லச் சொல்ல காவலர் ஓக்ஸ் எழுதியது.

என் பெயர் நோரீன் பிக்கெட். வயது அறுபத்தொன்பது. கணவர் இறந்துவிட்டார். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். ஆறு வருடமாக என் வீட்டுவண்டியிலேயே வசிக்கிறேன். நிலையான முகவரி கேட்டதால், என் தபால்கள் போய்ச் சேரும் டெவன்போர்ட் தங்கை வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறேன். இங்கே என்னை யாரும் அழைத்து வரவில்லை, நானாக வந்தேன்.

கிளைவ் ரெட்மனை நான்கு வருடமாகத் தெரியும். வயது எழுபத்தேழு. ஆடுகளுக்கு ரோமம் கத்தரிக்கும் வேலை பார்த்தவர். அவரும் தன் வீட்டுவண்டியில் தனியாக இருப்பவர். காவலர் கேட்டதால் சொல்கிறேன், எங்களுக்குள் வேறு ஒன்றும் கிடையாது. மற்ற வண்டிக்காரர்கள் மே மாதமே குளிருக்குப் பயந்து குயின்ஸ்லாந்துக்கு ஓடிவிடுவார்கள். நாங்கள் இருவரும் பிடிவாதக்காரர்கள், இங்கேயே ஆற்றுத் திடலில் பக்கத்துப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுவோம். இந்த மாதம் திடலில் எங்கள் இரண்டு வண்டிகள் மட்டும்தான்.

திடலுக்கு வடக்கே, குளிர்கால வெயில் வரும் பக்கத்தில், பைன் மரவரிசை இருக்கிறது. காற்றுக்கு மறைவாக அதன் அடியில் நிறுத்துவதால் ஜூன் மாதத்தில் வண்டிக் கூரை மேல் வெயில் விழாது. மரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாக இரண்டு கட்டில் அகலத்துக்கு வெயில் தரையில் விழும், அதுவும் ஒரு இடத்தில் நிற்காது, நகர்ந்துகொண்டே போகும். அதனால் மடக்கு சோலார் பேனல்களைத் தரையில் வைத்து, நீள வயரால் வண்டி பேட்டரியுடன் இணைத்து, வெயில் போகும் பக்கமெல்லாம் நாங்களும் நகர்த்துவோம். இருவரும் நாள் முழுவதும் இதற்கே அலைய வேண்டாமே என்று முறை வைத்துக்கொண்டோம். ஒரு நாள் அவர் இருவர் பேனலையும் பார்த்துக்கொள்வார், மறுநாள் நான். யாருடைய முறையோ அவர்தான் வயரைக் கழற்றவும் மாட்டவும் வேண்டும், மற்றவர் கை வைக்கக் கூடாது. ஆளாளுக்குக் கை வைத்தால் குழப்பம் வரும் என்று அந்த விதியைச் சொன்னதே நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை, 22ஆம் தேதி, என் முறை. காலை ஒன்பதரைக்கு இரண்டு பேனலையும் விரித்து மாட்டினேன். பதினொன்றரை மணி அளவில் நிழல் ஏறியது. இரண்டையும் கழற்றி, தூக்கிக்கொண்டு போய்ப் புது இடத்தில் வைத்தேன். அப்போது என் தங்கை போனில் இருந்தாள். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டுதான் வயரை மாட்டினேன். மாட்டியது நன்றாக ஞாபகம் இருக்கிறது. எதை எதில் மாட்டினேன் என்பது ஞாபகம் இல்லை. தங்கை தன் முட்டிவலியைப் பற்றிச் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். என் வயரின் நுனி இரண்டாகப் பிரியும். முன்பு எனக்கு இரண்டு பேனல்கள் இருந்தன, மே மாதக் காற்றில் ஒன்று உடைந்துவிட்டது. அதிலிருந்து இரண்டாவது நுனி சும்மா கிடக்கிறது. கிளைவின் வயரும் அதே கறுப்பு, அதே பருமன்.

அதன் பிறகு மதியம் ஒன்றரை மணிக்கு வயரைக் கழற்றாமலே பேனல்களை லேசாகத் திருப்பி வைத்தேன். மூன்றரைக்கு வெயில் போனதும் எல்லாவற்றையும் கழற்றி மடக்கி அவரவர் வண்டியில் சாய்த்து வைத்தேன். ஆகவே எது எதில் மாட்டியிருந்தது என்று இப்போது யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது.

நான்கு மணிக்கு வண்டிக்குள் போய் பேட்டரி மீட்டரைப் பார்த்தேன். இந்தக் குளிர்காலத்தில் அது எழுபது சதவீதத்தைத் தாண்டி நான் பார்த்ததே இல்லை. அன்று தொண்ணூற்றெட்டு காட்டியது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வாசலில் நின்று, "யோவ் கிளைவ், என் பேட்டரி நிரம்பி வழியுதுய்யா!" என்று கத்தினேன். அவர் கதவைத் திறந்து, "என்னோடது நாப்பதைத் தாண்ட மாட்டேங்குதும்மா, ஒரே வெயில்தானே ரெண்டுக்கும்?" என்றார். நான், "உன் பேட்டரியும் உன்னை மாதிரி கிழடாயிடுச்சு" என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான்கு நாளாக யோசிக்கிறேன், விளங்கவில்லை.

அன்று மே மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக மின்போர்வையைப் போட்டுக்கொண்டு படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை காலை புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்திருந்தது. எட்டு மணிக்குக் கிளைவ் தேநீர்க் குவளையோடு வருவது வழக்கம், எட்டரை வரை வரவில்லை. போய்த் தட்டினேன், பதில் இல்லை. கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளே ஹீட்டர் ஓடவில்லை. அது டீசலில் எரிந்தாலும் அதன் விசிறிக்கு பேட்டரி வேண்டும். மீட்டரில் எண்ணே இல்லை, இருட்டாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியில் உட்பக்கம் பனி உறைந்திருந்தது. கிளைவ் கட்டிலில் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் உடம்பு நடுங்கவில்லை. நடுங்காதது எனக்கு நல்ல அறிகுறியாகப் பட்டது. அது மோசமான அறிகுறி என்று ஆம்புலன்ஸ்காரப் பெண் சொன்ன பிறகுதான் தெரியும். என்னைப் பார்த்து, "ஆட்டையெல்லாம் உள்ள விட்டாச்சா?" என்று கேட்டார். விட்டாச்சு என்று சொன்னேன். என் மின்போர்வையைக் கொண்டுவந்து அவர் மேல் போர்த்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை நாற்பது நிமிடம் அவர் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். போர்வையின் வயர் என் வண்டிவரை எட்டாததால் அது சூடாகவில்லை.

நேற்று லான்செஸ்டன் மருத்துவமனைக்குப் போய் அவரைப் பார்த்தேன். பிழைத்துக்கொண்டார். மகள் லியான் வெளியே போனதும் என் மணிக்கட்டைப் பிடித்து, "பேனல் வயரை நான்தான் பிடுங்கிட்டேன், திருப்பி மாட்ட மறந்துட்டேன்னு போலீஸ்கிட்ட சொல்லிட்டேன். நீ வாயத் திறக்காத" என்றார். நிஜமாகவே பிடுங்கினாயா என்று கேட்டேன். "எனக்கே தெரியல நோரீன். ஆனா நீ என் கரண்டைத் திருடிட்டேன்னு லியான் போலீஸ்கிட்ட சொல்லிட்டா, அதைக் கேட்டுட்டு என்னால படுத்திருக்க முடியல" என்றார்.

வராந்தாவில் லியான் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். அதன் பிறகு, "பேனல் மாட்டவே மறக்கிறவரை இனிமே எப்படிங்க தனியா விடறது? வண்டியைப் பார்க்க சனிக்கிழமை ஆள் வர்றாங்க, அப்பாவுக்கு முதியோர் இல்லத்துல இடம் கேட்டிருக்கேன்" என்றாள். அவரிடம் சொல்லிவிட்டாயா என்றேன். இல்லை என்றாள். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது.

என் கை அவர் பேனலை என் வயரில் மாட்டியதை நான் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஜூன் மாதத்தில் ஒரு பேனல் தொண்ணூற்றெட்டு காட்டாது. இரண்டு பேனல் காட்டும். அன்று என் முறை, அவர் கை வைத்ததை நான் பார்க்கவில்லை. மறந்தது கிளைவ் அல்ல, நான். இதை அப்படியே எழுதச் சொன்னேன். இதன் நகல் சனிக்கிழமைக்குள் லியானுக்குப் போக வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன்.

கடைசியாக, என் நெருங்கிய உறவு யார் என்று காவலர் கேட்டார். தனியாக வண்டியில் வசிப்பவர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் அவர்களுக்கும் தெரிவிக்க வேண்டியிருக்கும் என்றார். ஒரே மகன் டேரன், பெர்த்தில் இருக்கிறான். இரண்டு வருடமாக என் வண்டிச் சாவியைக் கேட்டுக்கொண்டிருக்கிறான். இதைப் படித்தால், லியான் அவள் அப்பாவைப் பற்றிச் சொன்னதையே அவன் என்னைப் பற்றிச் சொல்வான். சொன்னால் நான் என்ன பதில் சொல்வேன் என்று தெரியவில்லை. காவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இன்னிக்கே கையெழுத்துப் போடணும்னு இல்லம்மா. போய் யோசிச்சிட்டு வாங்க" என்றார். டேரனின் போன் எண்ணைச் சொன்னேன். பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார், கேட்டேன். ஞாபகம் இல்லை என்று நான் சொன்ன இடங்களும் அப்படியே இருக்கின்றன. எனக்குத் தெரிந்த அளவில் எல்லாம் உண்மை. இதைச் சொல்லும்படி யாரும் என்னைத் தூண்டவில்லை. சொல்ல வேண்டாம் என்றவர் ஒருவர் உண்டு, அவர் பெயரும் மேலே இருக்கிறது.

(ஒப்பம்)
நோரீன் பிக்கெட்