ஒரு மிதிக்கு இரண்டு அடி

பழைய மிஷினை அடையாளம் காண முதலில் வேண்டியது மண்ணெண்ணெயும் கிழிந்த பனியன் துணியும்தான் சார். பொறுமையாகத் துடைத்தால் பெயிண்டுக்கு அடியில் ஏதாவது ஓர் எழுத்து கிடைத்துவிடும். என் பிரஸ்ஸில் அதுவும் இல்லை. பெயர்ப்பட்டை போய் நான்கு ரிவிட் ஓட்டை மட்டும் மிச்சம்.

வில்லாபுரத்தில் எனக்கு எவர்சில்வர் பட்டறை. டிபன் டப்பாவுக்கு மூடி அடிக்கிறோம். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் இரும்பு ஒரு தரம் இறங்கி, தகட்டை மூடியாக அடித்துவிட்டு ஏறும். போன வருடம் இந்த பிரஸ்ஸைப் பழைய இரும்புக் கடையில் பிடித்தேன். வந்த நாளிலிருந்து இதை யார் செய்தார்கள், எந்தக் காலத்தில் செய்தார்கள் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஓட்டைகளின் இடைவெளியை அளந்து, பழைய மிஷின் பிரியர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். குழுவை நடத்தும் ஹரிராம் கம்பெனியைக் கண்டுபிடித்துவிட்டார். அவர்கள் முதலில் செய்த வரிசையா, பிறகு செய்த இரண்டாம் வரிசையா என்பதில்தான் இடித்தது. முதல் வரிசை என்றேன் நான்.

"மொத வரிசை எப்பவாச்சும் ஒரு மிதிக்கு ரெண்டு அடி அடிக்கும்ண்ணே. அந்தக் கோளாறத்தான் அடுத்ததுல சரி பண்ணிட்டாங்க. வீடியோ போடுங்க, ஒத்துக்கிறேன்" என்றார்.

விசாரித்துக்கொண்டே எழுமலை வரை போனேன். முன்பு இதை வைத்திருந்த முத்திருளன் அங்கே இருக்கிறார். டீயை இடது கையால் நீட்டினார்.

"முன்னாடி இருக்க கம்பி வலைய நான்தான் வெல்டிங் வச்சேன் தம்பி. மூடிய எடுக்கக் கைய விட்டேன், ரெண்டாவது அடி எறங்கிருச்சு. வேகமா ஓட்டுனா அப்பிடித்தான். வலைய மட்டும் கழட்டிராதீக."

அவர் வலது கையில் கட்டைவிரல் மட்டும் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டேன்: வலை பிற்காலத்தியது.

ஒரு வாரம் நானே ஓட்டிப் பார்த்தேன், வலையோடு, குச்சியால் தகட்டைத் தள்ளி. குச்சியில் வேகம் வரவில்லை. இரண்டாவது அடியும் விழவில்லை. ஆகவே வலையைக் கிரைண்டரால் அறுத்தெடுத்தேன். மிஷினில் ஒரு கீறல் விழவில்லை, நீங்களே பார்க்கலாம்.

பட்டறையிலேயே வேகமான கை பாண்டீஸ்வரியுடையது. ஆறு வருடமாக எங்களிடம் வேலை பார்க்கிற பிள்ளை.

"வலை எங்கண்ணே?"

"சுத்தம் பண்ணக் கழட்டிருக்கேன்மா."

"அப்ப நாளைக்கு ஓட்டுறேண்ணே. உள்ள கைய விட பயமா இருக்கு."

"உன் வேகத்த வீடியோ எடுக்கப் போறேன்மா. அம்புட்டுப் பேரும் பாப்பாக."

பிள்ளைக்கு வெட்கம் வந்துவிட்டது. வலது கைக் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தது.

நானே உட்கார்ந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். செல்லைப் பிடிக்க ஆள் வேண்டுமே சார்.

நாற்பது மூடி வரை ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்றாவது மூடிக்கு விழுந்தது. என் வண்டியில் நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கு விரல் என்றார் டாக்டர். வளையல்கள் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கின்றன.

தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அந்த அடி விழும் என்று தெரியும். விழ வேண்டும் என்பதற்காகத்தான் பாண்டீஸ்வரியை உட்கார வைத்தேன். ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தவன் இல்லை நான்.

செல்லை எடுத்துக்கொண்டீர்கள், சரி. வீடியோவை மட்டும் அழித்துவிடாதீர்கள். இரண்டாவது அடி அதில் தெளிவாகத் தெரிகிறது, ஹரிராமால் இனி மறுக்க முடியாது. அனுப்பும்போது சத்தத்தை மட்டும் எடுத்துவிடுங்கள் சார். குழுவில் மனசு இளகியவர்களும் இருக்கிறார்கள்.