வரிசையில் நிற்காத நாற்காலிகள்

மேடையில் வீற்றிருக்கும் நம் பயிற்சி நிலையத்தின் நிர்வாகி அவர்களே, உடன் பணியாற்றும் ஆசிரியத் தோழர்களே, கண் சிவந்து முன்னால் அமர்ந்திருக்கும் அக்காவின் கணவர் மாமா அவர்களே, அக்காவின் அருமை மகளே, வேலை உடையோடு அப்படியே ஓடி வந்திருக்கும் மாணவப் பெருமக்களே! அக்காவின் பக்கத்து அறையில் அவரைப் போலவே ஆங்கிலம் நடத்துகிறவன் என்பதால் என்னை முதலில் பேச அழைத்திருக்கிறார்கள். அழைத்ததற்காகப் பிறகு வருந்தினால் நான் பொறுப்பல்ல.

அழுவதையெல்லாம் வீட்டிலேயே அழுதுவிட்டேன். இப்போது என்னிடம் மிஞ்சியிருப்பது கோபம்தான்.

நாம் யாரை இழந்திருக்கிறோம்? நம் அரைவட்டம் அக்காவை! அந்தப் பட்டத்தைக் கொடுத்தவர் நிர்வாகி ஐயாதான். கேலியாகத்தான் கொடுத்தார். அக்காவோ அதை வாங்கித் தலைமேல் வைத்துக்கொண்டார். வந்த முதல் நாளே நாற்காலிகளைத் தரதரவென்று இழுத்து அரைவட்டமாகப் போட்டார். ஏனக்கா என்று கேட்டேன். “கடைசி வரிசைன்னு ஒண்ணு இருந்தா அதுல போய் ஒளிஞ்சுக்க ஆள் இருக்கும் தம்பி. வரிசையே இல்லைன்னா எங்க போய் ஒளிவாங்க?” என்றார்.

அந்த அரைவட்டத்தில் யார் யார் இருந்தார்கள்? எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் டாக்சி ஓட்டுநர் இருந்தார். அக்கா அவரை அதட்டினாரா? இல்லை! “இனி கேள்வி கேக்குற வேலை உங்களோடது, பதில் சொல்றது அவங்க வேலை” என்று பொறுப்பைக் கொடுத்து வாயை அடைத்தார். வாயே திறக்காத நர்ஸ் ஒருவர் இருந்தார். அவரை எழுப்பி நிறுத்தி அக்கா ஒருநாளும் கேள்வி கேட்டதில்லை. வெல்டிங் பட்டறைக்காரரோடு ஜோடி சேர்த்து உட்கார வைத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்காததுபோல் இருந்தார். ஒருநாள் அந்தப் பெண் ஆங்கிலத்தில் தன் முதல் வாக்கியத்தைப் பேசினார். என்ன வாக்கியம் தெரியுமா? “யூ ஆர் ராங்!” நீங்க சொல்றது தப்பு! வெல்டர் இன்றுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார். அதோ, சிரிக்கிறார் பாருங்கள்.

அத்தனை பேர் பேசினால் சத்தம் வராதா? வரும்! மொழி வகுப்பில் சத்தம் வராமல் வேறெங்கே வரும்? ஆனால் அக்கா ஒருநாளும் மேசையைத் தட்டியதில்லை. கையைத் தூக்குவார், காத்திருப்பார். பார்த்தவர் தானும் கை தூக்கிப் பேச்சை நிறுத்துவார், அவரைப் பார்த்து அடுத்தவர். ஒருமுறை நிர்வாகி ஐயா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, “என்ன இரைச்சல் இது? சந்தைக்கடையா?” என்று கத்தினார். அக்கா கையைத் தூக்கினார். வகுப்பே கை தூக்கி அடங்கிவிட்டது. ஐயா மட்டும்தான் கத்திக்கொண்டிருந்தார்! கோபிக்காதீர்கள் ஐயா, நடந்ததைத்தானே சொல்கிறேன்.

அதற்கு நிர்வாகத்தின் பதில் எப்போது வந்தது? அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது வந்தது. நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, தரையோடு திருகாணி போட்டு முடுக்கிவிட்டார்கள். ஆசிரியர் மட்டுமே பேச வேண்டும் என்று சுவரில் அறிவிப்பும் ஒட்டினார்கள். வெல்டிங்கே வைத்துவிடச் சொல்லி நம் வெல்டரைக் கேட்டிருக்கிறார்கள். “கம்பி தீர்ந்துபோச்சு சார்” என்று அவர் நழுவிவிட்டார். எந்த வெல்டரிடமாவது கம்பி தீருமா?

மனது கேட்காமல் போய் அக்காவிடம் சொன்னேன். மாமா அப்போது பக்கத்தில் இருந்தார். அக்கா ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிவிட்டு, “திருகாணிதானே தம்பி? நான் வந்து கழட்டிக்கிறேன்” என்றார். வரவில்லையே! அவர் வரவே இல்லையே!

ஆகவே நான் கழற்றப்போகிறேன். நாளைக் காலை, வகுப்பு தொடங்குமுன், எல்லோர் கண் முன்னாலும்! ஒளிந்து செய்கிற வேலை இல்லை இது. அதற்காக என்னை வேலையைவிட்டு நீக்கலாம் ஐயா. நீக்கிவிட்டு யாரை வைப்பீர்கள்? அக்காவின் அறையில் ஒருமுறை உட்கார்ந்து பார்த்த எந்த ஆசிரியரும் திருப்புளியோடுதான் வருவார்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது மௌன அஞ்சலி என்று போட்டிருக்கிறது. மௌனமா? யாருக்கு? பேசவைத்தே வாழ்ந்த மனுஷிக்கா? வேண்டாம்! இந்த மண்டபத்து நாற்காலிகளுக்குத் திருகாணி கிடையாது. எழுந்து, பக்கத்தில் இருப்பவர் முகம் தெரியும்படி திருப்பிப் போடுங்கள். அக்கா உங்களைப் பேசவைத்த முதல் வாக்கியம் எது? அதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். மாமா, நீங்களும்தான். நிர்வாகி ஐயா பக்கத்திலும் யாராவது உட்காருங்கள், பாவம், தனியாக இருக்கிறார்.

நான் கையைத் தூக்கும்போது நிறுத்தினால் போதும். ஆனால் ஒன்று, இன்றைக்கு நான் கையைச் சீக்கிரம் தூக்கப்போவதில்லை.