மகளுக்கு எடுத்துக் கொடுத்த கண்ணாடி

வாம்மா, நாற்காலியைக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார். விசாரிக்க வந்ததை முழுதாகவே சொல்கிறேன். உள்ளே மகள் தூங்குகிறாள், மெதுவாகத்தான் பேசுவேன்.

அவளுடைய ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்து வைப்பது என் வேலை. துண்டுக்குள் மணலைவிடச் சிறிய தங்கத் துணுக்கு இருக்கும். லேசரைப் பாய்ச்சினால் அது சூடேறி, சுற்றியுள்ள கண்ணாடியை இளக்கிக்கொண்டு ஒளி வரும் பக்கமாக நகரும். கடந்த வழி தானாக மூடிக்கொள்ளும்.

"பாரும்மா, பொறந்த வீட்டத் திரும்பிக்கூடப் பாக்காம போகுது" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

பிறகு அவளுக்குக் கடல் தாண்டி வேலை கிடைத்தது.

"நீ சித்தி வீட்ல இரும்மா. வருஷத்துக்கு ஒரு தடவ வந்துடுவேன்."

"என்னயும் பெட்டியில போட்டு எடுத்துட்டுப் போயேன்டி."

"உன் வாய்க்குத் தனி டிக்கெட் கேப்பாங்க."

அவளுக்கு விளையாட்டு. எனக்குச் சோறு இறங்கவில்லை. காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். அவள் அப்பா போன பிறகு, அவள் மூச்சுச் சத்தம் கேட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

அந்த லேசர் கண்ணுக்குத் தெரியாது. அதற்கென்று கண்ணுக்கு மாட்டும் வெளிர்பச்சைப் பாதுகாப்புக் கண்ணாடி உண்டு. துண்டுகளைத் தேய்க்கும் அறையில் தூசிக்குப் போடுவதும் பார்வைக்கு அதேதான், ஆனால் லேசரைத் தடுக்காது. எல்லோரும் விளிம்பில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் மாட்டுவார்கள். இவள் பார்க்கமாட்டாள். எடுத்துக் கொடுப்பது அம்மா ஆயிற்றே.

தூசிக்கண்ணாடியைக் கொடுத்தேன். சில நாள் ஒன்றும் ஆகவில்லை. பிறகு, அவள் குனியும் இடத்துக்கு ஒளி தெறிக்கும்படி துண்டைக் கொஞ்சம் சாய்த்து வைத்தேன். பார்வை சற்று மங்கினால் அந்த வேலைக்கான மருத்துவச் சோதனையில் தள்ளிவிடுவார்கள் என்று நினைத்தேன். ஒரு கண்ணே போயிற்று. சரியான கண்ணாடியை அவள் பக்கத்தில் மாற்றி வைத்துவிட்டேன். விபத்து என்றார்கள்.

கட்டுப் பிரித்ததும், "ஒத்தக் கண்ணே போதும்னு வரச் சொல்லிட்டாங்கம்மா" என்றாள். புறப்படுமுன் ஆய்வுக்கூடத்தில் ஒரு லேசர் சோதனை பாக்கி இருந்தது. "கண்ணாடிய நீயே எடுத்துக் குடும்மா. இப்ப வேற யாரயும் நம்ப முடியல."

துண்டை முன்போலவே சாய்த்து வைத்துவிட்டு எடுத்துக் கொடுத்தேன். அதே தூசிக்கண்ணாடியை.

இப்போது என் தோளைப் பிடித்துத்தான் நடக்கிறாள். தலை வாரிவிடுகிறேன், ஊட்டிவிடுகிறேன். என்னை நீ ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போய்விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள், சொல். என்னைப்போல் அவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

உன் வீடு நன்றாக இருக்கட்டும் அம்மா. உன் பிள்ளைகளும் உன்னைவிட்டு எங்கும் போகாமல் இருக்கட்டும்.